வேட்டுமலையில் பேர் கூப்பிடும் நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை வரை அந்த வேட்டுக்குழியில் பாசி இருந்தது. கனகவல்லிக்கு அதில் சந்தேகமே கிடையாது. கட்டைவிரல் நுழைகிற அகலத்தில், முழங்கை ஆழத்துக்குப் பாறைக்குள் இறங்குகிற குழி அது. குவாரி நடந்த காலத்தில் வெடிமருந்து திணிப்பதற்காகக் கம்பியால் துளைத்து, வெடிக்காமலே விட்டுப்போனது. வருஷக்கணக்காக மழைத்தண்ணீர் தேங்கி, வாயைச் சுற்றி வெல்வெட்டு மாதிரி பாசி படர்ந்து, போன வாரம் அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பெரணிக் குருத்துகூடத் தலைகாட்டியிருந்தது. இன்று பாசியும் இல்லை, குருத்தும் இல்லை. யாரோ குழியைச் சுத்தமாகத் துடைத்து, தண்ணீரை ஒற்றி எடுத்து, வாய்வரைக்கும் களிமண் வைத்து இறுக்கியிருந்தார்கள். மண்ணில் ஈரம் காயவில்லை. அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம் தெரிந்தது.

"எந்தத் தறுதலை பண்ண வேலை இது" என்று வாய்விட்டே திட்டினாள். அந்தக் குருத்தைப் பார்ப்பதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தாள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாற்பத்தேழு வயசு. குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சுப்பராயலு என்பவரின் வீட்டில் பின்போர்ஷனில் குடி. அம்மா இருந்தவரைக்கும் "கனகு" என்று கூப்பிட ஒரு வாய் இருந்தது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பள்ளியில் டீச்சர், வீட்டுக்காரருக்கு டீச்சர், பால்காரருக்கு டீச்சரம்மா. சொந்தப் பெயரைச் சம்பளம் வாங்குகிற அன்று கையெழுத்துப் போடும்போது பார்த்துக்கொள்வதோடு சரி.

ஞாயிறு சாயங்காலம் டிவியில் படம் போடுவார்கள். தெருவே காலியாகிவிடும். சுப்பராயலு வீட்டுக் கூடத்தில் அவளுக்கும் ஒரு ஸ்டூல் உண்டு. விளம்பரம் வந்ததும் யாராவது திரும்பி, "தனியா எப்படித்தான் பொழுது போகுதோ உங்களுக்கு" என்பார்கள். பாவமாகத்தான் கேட்பார்கள், அதுதான் தாங்க முடியாது. அதனால் அவள் மத்தியானமே தாம்பரத்துக்கு வந்து, வண்டலூர் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, குவாரி ரோடு பிரிகிற இடத்தில் இறங்கிவிடுவாள். ஊர்க்காரர்கள் அதை வேட்டுமலை என்பார்கள். மலையில் பாதியை வெடித்து ஜல்லியாக்கி ஊருக்கெல்லாம் வீடு கட்டியாகிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எண்பத்து மூன்றில், ஒரு வேட்டில் ஆட்கள் பலர் செத்த பிறகு குவாரியை மூடினார்கள். பொட்டல் பாறையும் கல்தூளுமாகக் கிடந்த மலை. முதலில் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் கற்பாசி ஒட்டியது, பிறகு விரிசல்களில் ஈரப்பாசி, பிறகு பெரணி, தும்பை, எருக்கு. இந்த வருஷம் பாதையோரம் இடுப்புயரத்துக்கு ஒரு ஆலங்கன்று நிற்கிறது. இவ்வளவு அடிபட்ட ஒன்று யாரையும் கேட்காமல் தன்னைத் தானே தேற்றிக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரே ஒரு பயம்தான். இறங்குகிற பாதை குவாரிப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டிப் போகிறது. கீழே பச்சைத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது. வெளிச்சம் போன பிறகு அதில் கால் வைக்கக் கூடாது. தவறி விழுந்தால் திங்கட்கிழமை பிரேயர் மணி அடிக்கிறவரை அவள் இல்லை என்பதே ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தாலும் லீவு என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே வருவதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன்னைத் தேடிக்கொண்டு இந்த மலை ஏறி வர ஒரு ஜீவன் கிடையாது என்பது ஒவ்வொரு வாரமும் ஏறும்போதே நினைவுக்கு வரும்.

அவள் ஏறுவதைப் பார்க்கிறவள் கிளியம்மாள் ஒருத்திதான். அடிவாரத்தில் லாரிக்காரர்களுக்கு டீயும் சுண்டலும் விற்கிறவள். ஒரு காலத்தில் இதே குவாரியில் கல் சுமந்தவள். எப்போதும் மலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னா டீச்சர், மழ வர்ற மாரி கீது. இன்னிக்குமா?" என்று இன்றைக்கும் கேட்டாள்.

"சீக்கிரம் வந்துடுவேன் கிளியம்மா."

"பொழுதோட எறங்கிடு. ஆமா, சொல்லிட்டேன்."

போன மாசம் மழைக்கு அவள் கடையில் ஒதுங்கியபோது அவள்தான் குவாரியில் பேர் கூப்பிடுகிற பழக்கத்தைச் சொன்னாள். "வேட்டு வெக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரி பேர் கூப்டுவாரு டீச்சர், நீ ஸ்கூல்ல கூப்டுவியே, அந்த மாரி. நாங்கல்லாம் மறைவுல பூந்துகினு ஆளாளுக்கு 'கீறேன்'னு கொரல் குடுக்கணும். ஒரு கொரல் கொறஞ்சாலும் திரிய பத்த வெக்க மாட்டாரு. எம்மா நேரம் ஆனாலும் நின்னுகினு இருப்பாரு."

"நல்ல பழக்கம்தானே?"

"அவங்கவங்க பேருக்கு அவங்கவங்க கொரல் குடுத்தா நல்ல பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு கிளியம்மாள் கிளாஸ் கழுவ எழுந்துவிட்டாள்.

கனகவல்லி களிமண் பூசிய குழியை விட்டு நிமிர்ந்தாள். நாலடி தள்ளி இன்னொரு குழி. அதுவும் அடைத்திருந்தது. அதற்கப்பால் ஒன்று. அவளுக்கு இந்தப் பாறையில் எங்கெங்கே குழி இருக்கிறது என்று தெரியும், எதில் என்ன முளைத்திருக்கிறது என்றும் தெரியும். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். மேல் தட்டுவரைக்கும், சரிவு முழுக்க, ஒரு குழி பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் ஈரக் களிமண்ணும் அதே கட்டைவிரல் பள்ளமும் இருந்தன. மறுபடி குவாரியைத் திறக்கப்போகிறார்களோ என்று நினைத்தாள். அப்படியானால் வரும்போது ஒரு லாரித் தடமாவது கண்ணில் பட்டிருக்கும். மனிதக் காலடித் தடம்கூட இல்லை. களிமண்ணை எங்கிருந்து, யார் சுமந்து வந்தார்கள்?

வானம் கறுத்து இறங்கியிருந்தது. மழைக்கு முன்னால் வழக்கமாக இங்கே எழும்புகிற வாசனை அவளுக்குப் பிடிக்கும், ஈரப் பெரணியும் எருக்கம்பாலும் கலந்து சற்றே கசக்கும். இன்று காற்றில் அது இல்லை. பீடிப் புகை இருந்தது, வியர்வை இருந்தது, அதற்கு அடியில் தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கிற கருகின காகிதத்தின் நெடி இருந்தது. கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஹாரன்களும், செங்கல்பட்டுப் பக்கம் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினின் கூவலும், வண்டலூர் ஜூவில் இந்த நேரத்துக்குத் தொடங்குகிற சிங்கத்தின் உறுமலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு சிங்கம் நின்றது. ட்ரெயின் நின்றது. ரோடும் நின்றது. தன் செருப்பு கல்தூளில் அரைபடுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

போதும், இறங்கிவிடலாம் என்று திரும்பினாள். பாதையோரத்து ஆலங்கன்றுக்கும் எதிர்ப்பாறைக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது. ஏறி வரும்போது அது இல்லை. கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத்துணி தொங்கியது. காற்றே இல்லாதபோது அது ஆடிக்கொண்டிருந்தது.

"வேட்டூ... வேட்டூ... வேட்டோய்..."

மேலேயிருந்து வந்தது குரல். ஆண்குரல், தழுதழுத்துப்போன வயசான குரல். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆள் இருக்கிற இடத்தில் கேட்காமல் கொள்ளாமல் வேட்டு வைப்பார்களா, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக? கத்துவதற்காக வாயைத் திறந்தாள்.

"துரைராஜ்!"

"கீறேன்."

பதில் அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரம். வெடுக்கென்று திரும்பினாள். பாறையும் பாறையில் ஒட்டிய கற்பாசியும்தான் இருந்தன.

"பாட்சா!"

"கீறேன்." இது காலுக்குக் கீழேயிருந்து.

"குப்புராஜ்!"

"கீறேன்."

"தையல்நாயகி!"

"கீறேண்ணா." சின்னப் பெண்ணின் குரல். சிரிப்பை அடக்குகிற குரல்.

கனகவல்லி திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். குரல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனது, மலை பதில் சொல்லிக்கொண்டே வந்தது. விரிசலிலிருந்து, புதரிலிருந்து, பச்சைத் தண்ணீரிலிருந்து. ஒருவர் பாக்கியில்லை. கடைசியாக ஒரு பெயர்.

"கிளியம்மா!"

பதில் இல்லை.

"கிளியம்மா!"

இல்லை. கனகவல்லியின் கண் தன்னால் அடிவாரத்துக்குப் போனது. சரிவின் இடுக்கு வழியாக டீக்கடை தெரியும். கடையில் அரிக்கேன் விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் கிளியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். முதல்முறையாக மலையைப் பார்த்து நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்திப் பொத்தியிருந்தாள்.

அவளுக்குக் கேட்கிறது. ஒன்பது வருஷமாக அவளுக்கு இது கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆட்கள் செத்த அன்றைக்குப் பேர் கூப்பிட்டபோது அவள் இங்கே இல்லை, இறங்கிப் போயிருக்கிறாள், அவளுக்காக வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பித் திரியைப் பற்றவைத்திருக்கிறார்கள். அதன்பிறகு என்ன நடந்தது என்று கனகவல்லி யோசிக்க விரும்பவில்லை. வாயைத் திறக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு குரல் குறைந்தாலும் வேட்டு கிடையாது. குறையட்டும். அப்படியே இருக்கட்டும்.

குரல் இறங்கி வரத் தொடங்கியது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு படக் படக்கென்று பாறையில் அடிபட்டு வந்து, அவளைத் தாண்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாதையில் போய் நின்றது. ஆள் இல்லை. நிற்கிற இடத்தில் மட்டும் தூறல் விழவில்லை. அவள் இறங்க வேண்டிய வழி அதுதான், வேறு வழி கிடையாது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பள்ளத்தின் விளிம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று இப்போதே சரியாகத் தெரியவில்லை.

"கிளியம்மா... எங்கம்மா கீறே?" அதட்டல் போய்விட்டிருந்தது. "கொயந்தைக்கி பால் குடுக்கப் போனியா? பரவால்ல, நிதானமா வா. ஒண்ணும் அவசரமில்ல."

தூறல்.

"ஒன்ன வுட்டுட்டு எப்டிம்மா வெப்போம்? எல்லாரும் ஒனக்குத்தான் காத்துகினு கீறோம். ஒரு கொரல் குடு தாயீ. எங்க இருந்தாலும் பரவால்ல. கீறேன்னு ஒரு வார்த்த சொல்லு, அது போதும்."

கனகவல்லி அழுதுவிட்டாள். பயத்தில் வந்த அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். பயம் இருந்தது, ஆனால் கண்ணீர் அதனால் வரவில்லை. பொறாமையால் வந்தது. அவள் வாழ்நாளில் அவளைத் தேடி ஒரு குரல் இப்படிக் கெஞ்சியதில்லை. அவள் வரவில்லை என்று ஒரு வேலை நின்றதில்லை. ஒரு பஸ் நின்றதில்லை. இவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்காகக் காத்திருக்கிறார்கள், அந்த ஒருத்தியோ கீழே காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். இருபத்தைந்து வருஷமாகத் தினமும் காலையில் பெயர் கூப்பிட்டவள் கனகவல்லி. பதில் வராத பெயருக்கு அப்புறம் அறையில் விழுகிற அமைதி அவளுக்குத் தெரியும். அதைத் தாங்க அவளுக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

"கிளியம்மா..." குரல் உடைந்தது. "வந்துடும்மா."

"கீறேன்."

யார் சொன்னது? அவள்தான். அவள் வாய்தான். அவள் ஒருநாளும் பேசியிராத பாஷையில், அவளுடைய குரல்.

மலை முழுக்க ஒரே சமயத்தில் மூச்சுவிட்டது. "வந்துட்டா" என்றது ஒரு பாறை. "வந்துட்டாப்பா" என்றது புதர். தையல்நாயகி என்கிற சின்னப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள். மேஸ்திரியின் குரல், பாரம் இறங்கின குரலில், "அப்பாடா" என்றது. பிறகு ஒரு தீக்குச்சி உரசுகிற சத்தம்.

கந்தக நெடி.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு திரி. பக்கத்தில் இன்னொன்று. மேலே. கீழே. அவள் கால் பக்கத்தில். எல்லாக் குழிகளிலும். பெரணிகளுக்கு நடுவில் சின்னச் சின்னதாக நெருப்புப் பொறிகள் ஓடத் தொடங்கின.

ஓடினாள். பாதைப் பக்கம் போக முடியாது, அங்கே அது நிற்கிறது. மேலே பாறை குடைந்த மறைவு ஒன்று உண்டு, மழைக்கு அவள் ஒதுங்குகிற இடம். செருப்பு போயிற்று. முழங்கால் தேய்ந்தது. தவழ்ந்தாள். உள்ளே நுழைந்தாள்.

அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

வரிசையாக. குந்தி உட்கார்ந்து. சுவர்ப்பக்கம் முதுகு, வெளிப்பக்கம் முகம். காதில் விரல். வேட்டுச் சத்தத்தில் செவி கிழியாமல் இருக்க எல்லோரும் வாயை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். முகம், முடி, இமை, எல்லாம் வெள்ளைக் கல்தூள். கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. சந்தோஷமாகப் பார்த்தன.

வரிசையில் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

வெளியே திரிகள். உள்ளே அந்த இடம். அவள் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்? சில்லென்ற தோள் ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். இரண்டு கைகள் வந்து, தலைக்கு எண்ணெய் வைக்கிற பக்குவத்தில், அவள் காதுகளைப் பொத்தின. இன்னொரு கை அவள் தாடையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி வாயைத் திறந்துவைத்தது. வேட்டு வெடிக்கப்போகிறது. இதோ. இதோ.

வெடிக்கவில்லை. திரி எரிந்துகொண்டே இருந்தது. இருட்டியது. மழை பெய்து ஓய்ந்தது. திரி எரிந்தது. யாரும் அசையவில்லை.

விடிந்தபோது மறைவின் வாயில் வெயில் விழுந்தது. பெரணி இலைகளில் தண்ணீர் மின்னியது. பிரேயர் மணி அடித்து வெகு நேரம் ஆகியிருக்கும், பொத்தியிருந்த கைகளைத் தாண்டி எங்கோ தூரத்தில், அடிவாரத்துப் பக்கம், ஒரு சத்தம் கேட்டது.

"டீச்சர்! டீச்சர்!"

சுப்பராயலுவின் குரல். இருமிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார். "ராத்திரி பூரா விளக்கு எரியலே, நான்தான் மொதல்லயே சொன்னேனே, வாரா வாரம் இங்க எறங்குவாங்கன்னு பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது" என்று யாரிடமோ அழாத குறையாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் பெண்பிள்ளைகளின் குரல்கள், அவள் வகுப்புப் பிள்ளைகள், பத்துப் பதினைந்து பேர் இருக்கும். "கனகவல்லி டீச்சர்! மிஸ்! எங்க மிஸ் இருக்கீங்க? கனகவல்லி டீச்சர்!" ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கூப்பிட்டாள். வேட்டுமலை முழுக்க அவள் பெயர் எதிரொலித்தது.

வந்துவிட்டார்கள். தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். எவ்வளவு பேர்! கனகவல்லியின் நெஞ்சு விம்மியது. இங்கேதான் இருக்கிறேன், இதோ இருக்கிறேன் என்று அடிவயிற்றிலிருந்து குரலைத் திரட்டினாள்.

மறைவின் வாயில் நிழல் விழுந்தது. கிளியம்மாள். குனிந்து உள்ளே பார்த்தாள். வரிசையின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், உதடு அசைந்தது. நடுவில் வந்ததும் நின்றுவிட்டாள். கனகவல்லியின் கண்ணுக்குள் நேராகப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இங்க ஆரும் இல்ல சார்" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அந்தாண்ட போயி பாக்கலாம், வாங்க."

"கனகவல்லி டீச்சர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே பிள்ளைகள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். கனகவல்லி கத்தினாள். உயிரையெல்லாம் கூட்டிக் கத்தினாள். திறந்த அவள் வாயிலிருந்து பிடியளவு கல்தூள் சத்தமில்லாமல் மடியில் கொட்டியது.